ஞாயிற்றுக்கிழமை அரைப் பாகை

தலைமன்னார்
06.02.2024

அன்புள்ள சுவேதினிக்கு,

ஜனவரி மாதத் தாள்கள் முப்பத்தொரு நாளும் நிரப்பி இத்துடன் வருகின்றன. கையால் எழுதிய தாள்தான் வேண்டும், படம் பிடித்து அனுப்பினால் போதாது என்று உமது ஆராய்ச்சி மையம் சட்டம் வைத்ததும் ஒரு வகையில் நல்லதுதான். வெறும் தாளை உறையில் போட மனம் வராமல் எனக்கும் கடிதம் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. கட்டின மனிசி என்றாலும், போனில் உம்மோடு கதைக்கும்போது "ஓம், ஓம்" என்பதைத் தவிர எனக்கு வாயில் ஒன்றும் வருவதில்லையே.

நீர் காட்டித் தந்தபடியே இறங்குதுறைக்குப் போய், வாளியில் கடல் தண்ணீர் அள்ளி, தெர்மோமீற்றரை விட்டு, நூறு எண்ணும்வரை குந்தியிருந்து எழுதுகிறேன். காவலுக்கு நிற்கும் நேவிக்காரர், "மாத்தயா, இண்டைக்குக் கடலுக்குக் காய்ச்சலா?" என்று சிங்கள மரியாதையோடு தனக்குத் தெரிந்த தமிழில் கேட்கிறார். நானும் ஒரு டொக்டர் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வருகிறேன்.

படகு எஞ்சின் திருத்தும் வேலை குறைவில்லாமல் இருக்கிறது. உமது அம்மா லூசியா மாமி கிழமைக்கு இரண்டு தரம் மீன்குழம்பு கொண்டு வருகிறா. "ஒரு வருசமெண்டுதானே போனவள், செப்ரெம்பரில வந்திடுவாளோ?" என்று ஒவ்வொரு தரமும் கேட்கிறா. "ஓம் மாமி" என்கிறேன். நான் சொல்வது சரிதானே?

நாளெண்ணிக்கொண்டிருக்கும்,
கொலின்ஸ்

மையத்து விடுதி, இத்தாலி
10.03.2024

அன்பின் கொலின்ஸ்,

தாள்கள் வந்தன. கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒரு எழுத்தும் வெட்டாமல், கோடு போட்டதுபோல் எழுதியிருக்கிறீர்கள். கண்ணூறு படப்போகிறது.

இங்கே காற்று ஆளைத் தூக்கி எறிகிறது. பக்கத்து அறையில் பெனின் நாட்டுப் பெண், எதிர் அறையில் நேபாளத்துக்காரர். எங்களைப் போன்ற நாடுகளில் இருந்து வருகிறவர்களுக்கென்றே இந்த இடத்தைக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரை வாசிக்க நான் யார் யாருக்கெல்லாம் கெஞ்சிக் கடிதம் போட்டேன்! இங்கே கதவைத் திறந்தால் நூலகம்.

இனி நான் சொல்லப்போவதைக் கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கோ. உங்கள் தாள்களைக் கணினியில் ஏற்றிப் பார்த்தேன். கடலுக்கு ஏழு நாளுக்கு ஒரு தாளம் இருக்கிறது! ஒவ்வொரு ஞாயிறும் தண்ணீர் மற்ற நாளைவிட அரைப் பாகை கூடச் சூடு. ஏன் என்று மண்டையை உடைத்துவிட்டுக் கண்டுபிடித்தேன். எங்கள் கரையில் ஞாயிறு ஒருவரும் மீன்பிடித் தொழிலுக்குப் போவதில்லை. எஞ்சின்கள் தண்ணீரைக் கலக்காததால் மேல் தண்ணீர் சூடாகவே நிற்கிறது. மனிதர் ஓய்ந்திருப்பதைக் கடலும் காட்டுகிறது! பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் மட்டும் கோயில் வாசல் மிதிக்கிற உங்களுக்கு, ஓய்வுநாளின் மகிமையைக் கடல் சொல்லித்தருகிறது பாருங்கோ.

ஒன்றுதான் இடிக்கிறது. நான் அங்கே நின்று அளந்த எட்டு மாதத்தில் இந்தத் தாளம் இல்லை. நான் வெளிக்கிட்ட பிறகு புது எஞ்சின்கள் எத்தனை வந்தன என்று எழுதுங்கோ. என் பேராசிரியை மரியாமா செனகல்காரி. வெள்ளிக்கிழமை தொழிலுக்குப் போகாத முஸ்லிம்களின் கரையில் அன்றைக்கு எப்படி என்று அவ கேட்கிறா. கொண்டச்சியில் இருந்து உங்களிடம் எஞ்சின் கொண்டு வருகிற றஊப் நானாவிடம் ஒரு தெர்மோமீற்றர் கொடுத்து, நோன்பு முடிந்த பிறகு கொஞ்ச நாள் அளக்கச் சொல்வீர்களா?

ஜூலை 12ஆம் திகதி எல்லோர் முன்னிலையிலும் இதைச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் கலாநிதிப் பட்டத்துக்கு இன்னும் மூன்று வருடம் இங்கேயே இடம். எனக்கு அது வேண்டும், கொலின்ஸ். எழுதவே பயமாக இருக்கிறது. நீங்கள் செப்ரெம்பரை எண்ணுவது எனக்குத் தெரியாதா?

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம்.

உங்கள்
சுவேதினி

தலைமன்னார்
22.05.2024

என் அன்புச் சுவேதினிக்கு,

புது எஞ்சின் நாலே நாலு.

றஊப் நானா ஆறு வெள்ளி அளந்து தந்திருக்கிறார். மற்ற நாளைப் போலத்தான். "தம்பி, வெள்ளிக்கிழமை எங்கட கடல் சும்மாதான் கிடக்கு" என்றார். வெள்ளியும் சூடேறியிருந்தால் நான் வாயைத் திறக்காமலே இருந்திருப்பேன். இப்போது எழுதாமல் இருக்க ஏலாது. போனில் சொல்லவும் துணிவில்லை.

நீர் போன முதல் ஞாயிறு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. ஆறு மணிக்கு முதற்பூசை மணி அடித்தது. கால் தன்பாட்டில் கோயிலுக்குப் போய்விட்டது. கடைசி வாங்கில் குந்தியிருந்து, "அவ கெட்டிக்காரியா வரட்டும், சுகமா வரட்டும்" என்று மன்றாடினேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் விட்டதில்லை. உமக்குச் சொன்னால் வாழ்நாள் முழுக்கப் பகிடி பண்ணுவீர் என்று சொல்லவில்லை. பூசை முடிந்து, அம்புறோஸ் சுவாமியின் பிரசங்கமும் முடிந்து, நான் இறங்குதுறைக்குப் போய்ச் சேர எட்டு மணியாகிவிடும். வெயில் ஏறித் தண்ணீரும் சூடாகிவிடும்.

நீர் அச்சடித்துத் தந்த தாளில் ஒவ்வொரு வரியிலும் 6.00 என்று ஏற்கெனவே இருந்தது. சூட்டை மட்டும் எழுதினேன். நேரம் இவ்வளவு பெரிய விசயம் என்று எனக்கு விளங்கவில்லை.

சந்தேகம் இருந்தால் டிசம்பர் 17ஐப் பாரும். அந்த ஞாயிறு மழை வெள்ளம், பூசை இல்லை. ஆறு மணிக்கே அளந்தேன்.

இதைச் சொன்னால் நீர் திரும்பி வந்துவிடுவீர், எனக்கு அதுதானே வேண்டும் என்று யாரும் நினைக்கலாம். நீரும் நினைக்கலாம். அதனால்தான் ஒன்றரை மாதம் நித்திரை இல்லாமல் கிடந்தேன். நீர் வராவிட்டாலும் பரவாயில்லை, பிழையான தாளை வைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் நீர் நிற்கக்கூடாது.

மன்னித்துவிடும்.
கொலின்ஸ்

மையத்து விடுதி
15.06.2024

கொலின்ஸ்,

முதலில், இது என்னைக் கூப்பிட்டெடுக்க நீங்கள் செய்த சூழ்ச்சி என்றுதான் நினைத்தேன். பிறகு டிசம்பர் 17ஐப் பார்த்தேன். அன்றைக்குச் சூடு இல்லை. பிழையான வாசிப்பு என்று நானேதான் அதை மார்ச்சில் வெட்டி எறிந்திருந்தேன்.

நீங்கள் போன் எடுத்தும் ஏன் நான் எடுக்கவில்லை என்று இப்போது விளங்கும். கோபம் உங்களில் எவ்வளவு, என்னில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் தாருங்கோ.

சுவேதினி

மையத்து விடுதி
14.07.2024

என் அன்பின் கொலின்ஸ்,

கோபம் போய்விட்டது. முந்தாநாள் மேடையில் வைத்துத்தான் போனது.

என் உரையின் தலைப்பை மாற்றினேன். "ஒரு பிழையான தாளத்தின் கதை" என்று ஆங்கிலத்தில் போட்டேன். ஏழு நாள் தாளத்தைக் காட்டினேன், மண்டபமே நிமிர்ந்து பார்த்தது. பிறகு, "இது கடல் இல்லை, என் கணவர் எனக்காகப் பூசைக்குப் போனது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். அழுகைதான் வந்தது. அத்தனை மாதமும் நீங்கள் எனக்காகக் கடைசி வாங்கில் இருந்ததை நான் வரைபடம் போட்டு வைத்திருந்திருக்கிறேன், என்னவென்று தெரியாமல்.

மரியாமா எழும்பி, தங்கள் ஊரில் ஆற்றை அளக்கிறவர் சந்தை நாளில் பிந்திப் போவாராம், அது தெரிய தனக்கு நாலு வருடம் எடுத்ததாம் என்றா. நேபாளத்துக்காரரும் கை உயர்த்தித் தன் கதையைச் சொன்னார். எனக்குக் கிடைத்த நேரம் அதிலேயே போய்விட்டது.

மூன்று வருட இடம் எனக்குக் கிடைக்கவில்லை. அது பெனின் பெண்ணுக்கு. அவ நன்றாகச் செய்தவ. அன்றிரவு அவவுக்குச் சோறும் சம்பலும் செய்து கொடுத்துவிட்டு, வந்து படுத்து அழுதேன். பொய் சொல்லமாட்டேன், இன்னும் வலிக்கிறது.

ஆனால் நேற்று மரியாமா கூப்பிட்டு இன்னொரு படிவம் தந்தா. நாட்டிலேயே இருந்து வேலை செய்கிறவர்களுக்கு. ஆறு வருடத்தில் மூன்று தரம் இங்கே வந்து இரண்டு மூன்று மாதம் தங்கலாம். நூலகமும் கணினியும் அங்கிருந்தே பாவிக்கலாம். "கடல் உன்ர ஊரிலதானே கிடக்கு, நீ இங்க இருந்து என்ன செய்யப்போறாய்?" என்ற மாதிரிக் கேட்டா. கையெழுத்து வைத்துவிட்டேன். உள்ளூர் உதவியாளர் யார் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. கேட்காமல் போட்டேன், கோபிக்கவேண்டாம்.

புதுத் தாள் இத்துடன் வருகிறது. நேரத்துக்குரிய இடம் வெறுமையாக இருக்கிறது. ஏதும் வித்தியாசம் இருந்தால் காரணம் எழுதவும் ஒரு இடம் விட்டிருக்கிறேன். பூசையை விடவேண்டாம். நேரத்தை மட்டும் உள்ளபடி எழுதுங்கோ.

செப்ரெம்பர் முதலாம் திகதி விடியக்காலை நாலு மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவேன். அம்மாவிடம் இனிச் சொல்லலாம்.

என்றும் உங்கள்
சுவேதினி

தலைமன்னார்
05.08.2024

என் அன்புச் சுவேதினிக்கு,

மாமிக்குச் சொன்னேன். மீன்குழம்புச் சட்டியை அப்படியே வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினா.

உமக்குக் கிடைக்காமல் போனதை நினைத்தால் எனக்கும் வலிக்கிறது. அதே நேரம் சந்தோசமும் தாங்கவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு திரிகிறேன். அடுத்த தரம் நீர் வெளிக்கிடும்போது பெட்டி கட்டித் தருவது நான்தான்.

நேற்றைய ஞாயிறு வாசிப்பு: நேரம் 8.10. காரணம்: பூசை. பிரசங்கம் நீளம்.

இந்த மாதத் தாளை இனித் தபாலில் போடமாட்டேன், நேரில் தருகிறேன். செப்ரெம்பர் தாளில் முதலாவது வரியை மட்டும் இன்றைக்கே நிரப்பிவிட்டேன். முன்கூட்டி எழுதுவது பிழை என்று தெரியும். இந்த ஒரு தரம் பொறுத்துக்கொள்ளும்.

01.09.2024, ஞாயிறு. வாசிப்பு எடுக்கவில்லை. பூசைக்கும் போகவில்லை. காரணம்: மனிசியைக் கூட்டிவர விமான நிலையம் போனது.

உமது
கொலின்ஸ்