நானூற்றைம்பது மெகாஹெர்ட்ஸும் திறந்த யன்னலும்

மச்சான்,

இந்தக் குளிர்காலத்துக்கு நேற்றுத்தான் முதல் தடவையாக ஹீற்றரைப் போட்டேன். கோடை முழுக்க அதில் படிந்திருந்த தூசி கருகி வீடெல்லாம் மணத்தது. சூடேறிய கணினிப் பெட்டியைத் திறந்தால் வருமே, அதே மணம். மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். நான் உன்னை நினைத்துக்கொண்டு நின்றேன்.

தொண்ணூறுகளின் கடைசி. இந்தப் பனி நாட்டில், டோர்செட் பார்க் பகுதியில் நாம் இருவரும் ஒரே அபார்ட்மென்டில் இருந்தோம். கணினி என்னுடையது, அதன் பைத்தியமும் என்னுடையது. முந்நூறு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடவேண்டிய புரொசெசரை நானூற்றைம்பதில் ஓடவிட்டிருந்தேன். வேலையிடத்தில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் சொல்லிப் பெருமையடித்தாகிவிட்டது. "ஓடினால் சரிதானே, ஏன் அதைத் துரத்துறாய்?" என்று நீ ஒருமுறை கேட்டாய். அந்தக் கேள்வியிலேயே வைத்தியம் இருந்தது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

அந்த மாசியில் ஊரில் உன் அம்மா காலமானார். அகதி வழக்கு முடியாததால் உன்னால் போக முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நம் ஆட்கள் அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் தேவாரமும் வம்சாவளியும் மட்டும் போதாது, அம்மாவைப் பற்றி நாலு பக்கம் நீயே எழுதவேண்டும் என்றாய். கொள்ளி வைக்கப் போகாத மகன் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்றாய். வேலை முடிந்து வந்து, ஒரு விரலால் எழுத்துகளைத் தேடித்தேடி அடித்தாய்.

அரைமணிக்கு ஒருதரம் திரை உறைந்தது. நான் தமிழ் எழுத்துருவில் குற்றம் சொன்னேன். பிறகு நினைவகத்தைக் கழற்றி வேறொன்று போட்டேன். பிறகு மின்னழுத்தத்தை ஒரு படி கூட்டினேன், சூடு இன்னும் ஏறியது. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். வேகத்தைப் பழையபடி முந்நூறுக்கு இறக்கினால் சூடும் தணியும், உறைவதும் நிற்கும்; அதற்கு இரண்டு நிமிடம் போதும். அதை மட்டும் செய்யவில்லை. நானூற்றைம்பதை விட்டால் என் மானமே போய்விடும் என்று இருந்தது.

கடைசியில் பெட்டியின் மூடியைக் கழற்றி யன்னலோரம் வைத்து, யன்னலைத் திறந்துவிட்டேன். உறையாமல் ஓடியது. வெளியே பனி கொட்டியது. நீ ஜக்கெற்றும் தொப்பியுமாக இருந்து அடித்தாய்.

"மச்சான், கை விறைக்குது. கொஞ்சம் சாத்தட்டே?"

"சாத்தாதை. கொம்பியூட்டருக்குச் சூடு ஒத்துவராது."

"உதென்ன, கொம்பியூட்டரோ ஐஸ்கிறீமோ?"

இருவரும் சிரித்தோம். வேகத்தைக் கூட்டி வைத்திருப்பதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது, நீ கணினிக்கு முன்னால் கைகள் இரண்டையும் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு இருந்தாய். யன்னல் சாத்தியிருந்தது. நீ எழுதி முடித்துச் சேவ் பண்ணும்போதே திரை உறைந்திருக்கிறது. அணைத்துப் போட்டுத் திறந்து பார்த்தோம். நாலு பக்கமும் வெறும் கட்டங்களும் கேள்விக்குறிகளும். பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்று உனக்குத் தெரியாது. தெரிந்த நானும் எடுத்து வைக்கவில்லை.

"நான்தான் சாத்தினனான்," என்றாய். "ஒரு பத்து நிமிசம் குளிரைத் தாங்கேலாமல் போச்சு. அம்மாவை நானே அழிச்சுப்போட்டன்."

அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்னது, "அதுக்குத்தான் சாத்தாதை எண்டனான்." இந்த வாய் அன்றைக்கே அழுகிப் போயிருக்கலாம்.

திரும்ப எழுத உனக்கு மனம் வரவில்லை. தேவாரமும் வம்சாவளியும் அம்மாவின் படமுமாகக் கல்வெட்டு வந்தது. அந்தக் கிழமையே வேகத்தை முந்நூறுக்கு இறக்கினேன். யன்னல் பூட்டிய அறையில் அது ஒருநாளும் உறையவில்லை. அதையும் உனக்குச் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டேன். கல்யாண வீடு, பிறந்தநாள், கடைசியில் ஆஸ்பத்திரி என்று எத்தனை தரம் உன் பக்கத்தில் இருந்தேன். சொல்ல நேரம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

போன மாதம் உன்னுடைய கல்வெட்டுக்கு எழுத உன் மகள் என்னைக் கூப்பிட்டாள். மேசையில் லாப்டொப்பை வைத்துவிட்டு, போய் யன்னலைத் திறந்தாள்.

"அப்பாவின்ர பழக்கம், அங்கிள். நாங்கள் லாப்டொப் ஓன் பண்ணினா வந்து திறந்துவிட்டிடுவார். வின்ரரிலையும்தான். சூடானா எல்லாம் போயிடும் எண்டுவார். நாங்கள் சிரிப்பம்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. "இதை அப்பாட்டைச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினாள்.

அந்த நாலு பக்கத்தில் ஒரே ஒரு வரி என்னிடம் இருக்கிறது, மச்சான். எழுத்துருவில் பிழை பிடிக்கவென்று உன் தோளுக்கு மேலால் குனிந்தபோது கண்ணில் பட்டது. அன்றைக்கே எடுத்துச் சொல்லியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் நீ எழுதியிருப்பாய். பேச்சு வளர்ந்தால் உண்மை வெளியே வந்துவிடும் என்று பயந்து விழுங்கிவிட்டேன். மகளுக்கு அதைக் கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் முதலில் உன்னிடம் திருப்பித் தரவேண்டும். நீ எழுதியது இது:

'அம்மாவுக்கு நான் கடைசியாகச் சொன்ன பொய், இங்கே குளிரில்லை என்பது.'