நாடுகளின் பொறாமையும் நம்முடையதும்

இன்று காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது டி.வி.யில் செய்தி ஓடியது. சீனக் கப்பல் ஒன்று இலங்கைத் துறைமுகத்துக்கு வருகிறதாம். நம் அமைச்சர் ஒருவரும் கொழும்புக்குப் புறப்படுகிறாராம். துருவுவதை நிறுத்திவிட்டு நின்றேன். நீ இருந்திருந்தால் இந்நேரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் வந்திருக்கும். "ஏட்டி, பாத்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்திருப்பாய்.

ராஜபாளையத்தில் நாம் இருவரும் ஒரே கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தினோம். ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். சந்தேகம் கேட்க வரும் மாணவிகள் மட்டும் என் மேசையைத் தாண்டி உன்னிடம் போவார்கள்.

அந்தக் கருத்தரங்கை நான் மறக்கவில்லை. இலங்கை நெருக்கடியில் தவித்தபோது நாம் ஏன் ஓடிப்போய் உதவினோம் என்பது தலைப்பு. தொப்புள்கொடி உறவு, அண்டை நாட்டுக் கடமை என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்து வாசித்தேன். பின்வரிசையில் கொட்டாவி விட்டார்கள். பிறகு நீ எழுந்தாய். கையில் ஒரு தாள்கூட இல்லை.

"ராஜபாளையத்துல ஒரு ரயில் நின்னா, எங்க ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரவுக எங்களுக்கும் நிக்கணும்னு மறுநாளே மனு எழுதிருவாக. ஏற ஆளு இருக்கா இல்லையான்னு பாக்க மாட்டாக. ஒரு நாடு பக்கத்து வீட்டுக்கு அரிசி கொண்டு போகுதுன்னா, அங்க இருக்கிற பசியை மட்டும் பாக்காதீங்க. அதுக்கு முன்னால அந்த வாசல்ல யாரு வந்து நின்னான்னும் பாருங்க."

அரங்கம் சிரித்துக் கைதட்டியது. நானும் தட்டினேன். வயிறு எரிந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது, "நீ சொன்ன உறவும் நெசந்தாம்ட்டி. அது இல்லேன்னா நம்மளை வாசப்படி ஏறவே விட மாட்டாக" என்று விட்டுக்கொடுத்தாய். அது கைதட்டலைவிட வலித்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். "அவிய சொன்னாத்தான் எனக்கே புரியுது" என்றார். அன்று அவருக்கு இரண்டாவது தோசை கருகித்தான் வந்தது.

போன வருடம் நோய் உன்னைப் படுக்கையில் தள்ளியது. பார்க்க வந்த என்னை, "செத்த நேரம் உக்காரு" என்று பக்கத்தில் இருத்திக்கொண்டாய். எதையாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"நாடுகளோட மனசு உனக்கு மட்டும் எப்படி அம்புட்டுத் தெளிவாத் தெரியுது?"

"நான் எந்த நாட்டைக் கண்டேன்? உன்னையும் என்னையுந்தான் பாத்தேன். நீ ஒரு புஸ்தகம் வாங்குனா நான் ரெண்டு வாங்குவேன். கருத்தரங்குல நீ பேசப் போறேன்னு தெரிஞ்ச பொறவுதான் நானும் பேர் குடுத்தேன். அம்புட்டுப் பொறாமை எனக்கு."

என் மனம் இளகியிருக்க வேண்டும். உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பஸ்ஸில் ஊர் வந்து சேர்வதற்குள் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. பொறாமைப்பட்டேன் என்று சொல்லும் தைரியமும் உனக்குத்தானே முதலில் வந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல அடுத்த வாரம் வரலாம் என்றிருந்தேன். அதற்குள் நீ போய்விட்டாய்.

உன் வகுப்பையும் இப்போது நான்தான் எடுக்கிறேன். என்றைக்காவது நன்றாக நடத்திவிட்டால், "அந்த மேடம் மாதிரியே இருந்துச்சு மேடம்" என்கிறார்கள். நாளைக்கு முதல் வகுப்பே வெளியுறவுக் கொள்கை. உன்னைவிட ஒரு படி நன்றாகச் சொல்லிவிட வேண்டும் என்று இன்னமும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.