மூன்று தடவை கூப்பிடு

அரியூர் நாடு
12.6.2024

அன்புள்ள பானு அக்காவுக்கு,

சுகுணா எழுதுவது. மூளைக் காய்ச்சலில் இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலதில் கொஞ்சம் மிச்சம். போனை வைத்தால் வெறும் இரைச்சல், அதனால்தான் பஸ் கண்டக்டரிடம் இந்தக் கடிதம்.

காது போனதுகூடப் பெரிதில்லை. மகள் கௌசிகா பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே "அம்மா" என்று அவள் குரல் கேட்கிறது. நேற்று குச்சிக்கிழங்குக் காட்டை விட்டு ஓடைக்கு ஓடினேன். அங்கே யாருமில்லை. பக்கத்துக் காட்டுப் பொன்னாயி, காத்துக் கருப்பு என்கிறாள். பயமாக இருக்கிறது அக்கா. நீயாவது சிரிக்காமல் பதில் போடு.

உன் தங்கை,
சுகுணா

முள்ளுக்குறிச்சி
18.6.2024

அன்பு சுகுணாவுக்கு,

சிரிக்கவில்லை, சாமி. சேலத்தில் காது டாக்டரிடமே கேட்டு வந்தேன். காதிலிருந்து சத்தம் வருவது குறைந்தால் மூளையில் கேட்கிற பகுதி சும்மா இருக்காதாம். பழகின சத்தத்தைத் தானே உண்டாக்கிக் கேட்குமாம். "பேயும் இல்லீங்க, பைத்தியமும் இல்லீங்க. காதுக்கு மெஷின் வெச்சாக் குறையும்" என்றார். மெஷினுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அதுவரை ஒன்று செய். முனி ஒரு தடவைதான் கூப்பிடும், மூணாந் தடவைக்குத்தான் 'ஏன்' என்று கேட்கணும் என்று அம்மா நம்மை மிரட்டி வைத்திருந்தாளே. கௌசியை மூன்று தடவை கூப்பிடச் சொல். அதற்குக் குறைந்தால் நகராதே. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
பானுமதி

அரியூர் நாடு
9.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் யோசனை கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடியது. ஒரு தடவை கேட்கும், நான் பாட்டுக்குக் களை கொத்துவேன். கௌசிக்கு மூன்று தடவை கூப்பிடுவது ஒரே விளையாட்டு.

போன வாரத்திலிருந்து அதுவும் மூன்று தடவை கூப்பிடுகிறது. கௌசி மாதிரியே, மூன்றாவதை இழுத்து. என் தலைக்குள் இருப்பது கற்றுக்கொள்கிறது அக்கா. இவரிடம் சொன்னால், "தூங்கு, சரியாப் போயிரும்" என்கிறார்.

சுகுணா

முள்ளுக்குறிச்சி
13.7.2024

சுகுணா,

உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்கே பயமாக இருக்கிறது. மெஷின் வரும்வரை கௌசியை இங்கே அனுப்பு. பெரியம்மா வீட்டில் அவளுக்கு என்ன குறை? பிடிவாதம் பிடிக்காதே.

பானு

அரியூர் நாடு
23.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அனுப்ப மனம் வராமல் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை கௌசி ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்தாள். மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். எனக்குக் கேட்டது. காலையிலிருந்து ஓடி ஓடி ஏமாந்தவள், இதுவும் அதுதான் என்று களை கொத்திக்கொண்டே இருந்தேன். பொன்னாயிதான் தூக்கி வந்தாள். பிள்ளையின் கை ஒடிந்து தொங்கியது. "கேக்கலியாம்மா?" என்று அவள் வாய் அசைந்தது. கேட்டது என்று எப்படிச் சொல்வேன்?

இன்று காலை இவர் அவளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கி உன்னிடம் புறப்பட்டார். கட்டுப் போட்ட கையை நனைக்காமல் குளிப்பாட்டு.

பஸ் போய் வெகு நேரம் கழித்து, அடுப்படியில் "அம்மா" என்று கேட்டது. பிள்ளை மலையிலேயே இல்லை, அதனால் ஓட வேண்டியதில்லை. "என்ன கண்ணு" என்றேன். மறுபடி கூப்பிட்டது. மறுபடி சொன்னேன். இப்போது வேறு பயம் பிடித்திருக்கிறது, அக்கா. மெஷின் வைத்தால் இதுவும் போய்விடுமா?

சுகுணா