ஈரத் தட்டு

லண்டன்
16-12-1976

அன்புள்ள சுகுமாரிக்கு,

ஆதிநாதர் அருளால் இங்கே நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

எங்கள் ஆஸ்பத்திரிக்கு மண்டையைத் திறக்காமலே மூளையைப் படம் எடுக்கும் மெஷின் வந்திருக்கிறது என்று எழுதினேன் அல்லவா? மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, படிப்படியாக நினைவு போகிறவர்களை அதில் படுக்க வைக்கிறோம். ரத்தம் போகாத இடமெல்லாம் படத்தில் கறுப்புப் பொட்டாகத் தெரியும்.

ஒரு வேடிக்கை, சிரிக்காதே. இங்கே இப்போது நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை இருட்டிய பிறகு சோறு பிசைந்துகொண்டிருந்தேன். என்னோடு தங்கியிருக்கும் செவிலிமேட்டு சாமுவேல் பதறிப்போனான். "இன்னாபா, வெளக்கு வெச்சா நீ துன்னவே மாட்டியே? அப்பவே சாப்ட்டுட்டு தட்டைக்கூட கழுவி வெச்சியே!" என்றான். அலமாரியில் என் தட்டு ஈரமாகவே இருந்தது.

மறுநாள், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத மூளை ஒன்று வேண்டும் என்றார் டாக்டர். நான் படுத்தேன். மெஷின் கோளாறு என்று சொல்லி இரண்டாம் முறையும் எடுத்தார். பொட்டுகள் அதே இடத்தில் இருந்தன. மாத்திரை கொடுத்திருக்கிறார், பயப்படாதே.

ஊறுகாய் அனுப்ப வேண்டாம், உப்பு ஆகாதாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நம் வீட்டுக்கு வழியை மட்டும் வரைந்து அனுப்பு. கண்ணை மூடி நடந்து பார்க்கிறேன். அரசமரம் வரை வருகிறேன், அதற்கப்புறம் தெருவே இல்லை.

தபால்பெட்டி திறக்கும் நேரம், முடிக்கிறேன். வெளியே விலாசம் சாமுவேல் எழுதியது. உன் பழைய கடிதத்தைப் பார்த்து எழுதித் தந்தான்.

உன்
ஜீவந்தரன்