‘கரண்டி’ என்று சொன்ன குரல்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைய நேரலை பரவாயில்லை. முதலில் வழக்கம்போல் விஞ்ஞானச் செய்தி. காபி இதயத்துக்கு நல்லதாம். போன மாதம் கெட்டது என்றார்கள், அதற்கு முந்தின மாதம் நல்லது. “ஒண்ணுமில்ல, ஆராய்ச்சிக் கூடத்துல ஒருத்தர் காபி குடிப்பார், இன்னொருத்தர் குடிக்க மாட்டார். யார் அன்னைக்கு லீவோ அதைப் பொறுத்து முடிவு மாறும்” என்றான் கரடி. நிகழ்ச்சியில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவன். நம்ப முடியாத சங்கதியைக் கொண்டுவந்து தலையில் அடித்துச் சத்தியம் செய்வதால் கல்லூரியில் ஒட்டிய பெயர்.

பிறகு என் பகுதி, பாதுகாப்பு. இணையத்தோடு பேசும் குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். வாசல் கதவுக்கு மூன்று பூட்டுப் போடுகிற மனுஷர்கள் இந்தப் பெட்டிக்கு 1234 என்று பாஸ்வேர்டு வைக்கிறார்கள். திருடன் உள்ளே வந்தால் பால் தீர்ந்துவிட்டது என்று அவனுக்கே செய்தி அனுப்பும். திரையில் மஞ்சள் முகங்கள் சிரித்துக் கொட்டின.

முடிந்ததும் ஒரு நேயர் எழுதியிருந்தார்: “அக்கா, எடை குறைக்கிற பொடி விக்க ஆரம்பிச்சிட்டீங்களா? விளம்பரத்துல உங்க குரல் கேட்டேனே.”

நான் எந்தப் பொடியும் விற்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

கேட்டுவிட்டேன். என் குரலேதான், யாரோ கணினியில் நகல் எடுத்திருக்கிறார்கள். பேச ஆரம்பிக்கும் முன் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பேனே, அதுகூட இருக்கிறது. எத்தனை வருட நேரலை, எத்தனை மணி நேரக் குரல் — எல்லாவற்றையும் நானேதான் திறந்த வீடாகப் போட்டு வைத்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே.

தளத்துக்குப் புகார் எழுதினேன். நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சொல்லி, கட்டம் கட்டமாகப் படம் காட்டி, சைக்கிள் எங்கே இருக்கிறது என்று கேட்டது. என் குரலைத் திருடிய இயந்திரத்திடம் யாரும் சைக்கிளைக் காட்டச் சொல்லவில்லை.

பொடி போனால் போகிறது. என் குரலில் அப்பாவைக் கூப்பிட்டால்? “அப்பா, மாட்டிக்கிட்டேன், உடனே கிளம்பி வாங்க” என்று நான் அழுதால் அவர் செருப்புகூடப் போடாமல் ஓடுவார். தனியாக இருக்கிற மனுஷர். அவர் குரலிலும் யாராவது என்னைக் கூப்பிடலாம். 

மார்ச் 9, ஞாயிறு

அப்பா வீட்டுக்குப் போனேன். நமக்குள் ஒரு ரகசிய வார்த்தை வேண்டும் என்றேன். முப்பது வருடம் லேத் பட்டறைச் சத்தத்தில் வேலை பார்த்தவர்; உப்பு எடு என்பதையே தெரு கேட்கச் சொல்வார்.

“பெத்த பொண்ணுகிட்ட பேச எனக்குப் பாஸ்வேர்டா? உங்கம்மாகிட்டகூட நான் அப்படிப் பர்மிஷன் வாங்கினதில்ல!”

பொடி விளம்பரத்தைப் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டார். “நல்லாத்தானே சொல்ற, பொடி நமக்கு வேணாமா?” என்றார். நான் இல்லை அது என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.  பிறகு அவரே சொன்னார்: “ஸ்பானர்னு வெச்சுக்கோ.”

சட்டம் போட்டேன். வேறு எண்ணிலிருந்து யார் கூப்பிட்டாலும், எவ்வளவு அழுதாலும், வார்த்தை வரவில்லை என்றால் துண்டித்துவிட வேண்டும். இரண்டு பேரும்.

“அழுதாலுமா?”

“அழுதாலும்தான்.”

“நான் மறந்துட்டா?”

“நீங்களா? ஸ்பானரையா?” என்றேன்.

தூர ஊரில் வேலையில் இருக்கும் தம்பிக்கும் போனில் சொன்னேன். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அக்கா” என்றான். இருக்கட்டும்.

மார்ச் 12, புதன்

கரடியின் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு அழுது பார்த்தேன் — “வார்த்தையச் சொல்லு!” என்று கத்தி, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். நிம்மதி.

மார்ச் 15, சனி

மடிக்கணினிக் கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். தெரியாத எண் எது வந்தாலும் உடனே தடை.  நேயர்களிடம் “பயப்படாதீங்க, கவனமா இருங்க” என்று வாரா வாரம் சொல்கிறேன். பயப்படாமல் கவனமாக இருக்கும் வித்தை எனக்கே கைவரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

வந்தே விட்டது!

நேரலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெரியாத எண். கிளம்புகிற அவசரத்தில் எடுத்துவிட்டேன்; அப்பாவின் குரல் மாதிரி ஒன்று. மாதிரிதான். மெதுவாக, குழறிக் குழறி, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டு: “ம்மா... கை... கை வரல...” அப்பா மெதுவாகப் பேசி என் ஜென்மத்தில் கேட்டதில்லை. எங்கிருந்தோ ரெண்டு வரி பிடித்து அரைகுறையாகச் செய்த நகல். பயந்தேன், ஆனால் மூளை வேலை செய்தது. “நம்ம வார்த்தை என்ன, சொல்லு” என்றேன்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு: “க... கரண்டி.”

கரண்டியாம்! “கரண்டிய எடுத்துக்கிட்டுப் போய்ச் சமையல் பண்ணு, போடா” என்று வைத்து, எண்ணையும் தடை செய்தேன்.

என் போன் எல்லா அழைப்பையும் தானே பதிந்துகொள்ளும். கரடி கேட்டுவிட்டு, இன்றைக்கே போடலாம் என்றான். போட்டோம். எங்கே இழுக்கிறது, எங்கே மூச்சுத் தப்புகிறது என்று நிறுத்தி நிறுத்தி விளக்கினேன். இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் பார்த்ததே இல்லை. கைதட்டல் கொட்டுகிறது. இத்தனை நாள் பயந்தது வீண் போகவில்லை.

அதே நாள்

தம்பி கூப்பிட்டான். அது அப்பா.

மார்ச் 19, புதன்

ஆஸ்பத்திரி வராந்தா. எழுதினால்தான் உட்கார முடிகிறது.

முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு. பாதி வெட்டும்போது வலது கை தொங்கிப்போய், வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. சலூன்காரர் இன்றைக்கு வந்து என்னிடம் சொன்னார், குற்றம் சாட்டுவதுபோலக்கூட இல்லை: “உங்க நம்பர் எழுதின சீட்டு பர்ஸுல வெச்சிருந்தாரும்மா. மக மகன்னு அதையே காட்டினாரு. நான்தான் போட்டுக் குடுத்தேன். நீங்க ஏதோ சொன்னீங்க, வெச்சிட்டீங்க. மறுபடி போட்டேன், போகல. பொண்ணு கிளம்பிடுச்சு போலன்னு நெனச்சேன். சர்க்கரைத் தண்ணி குடுத்து பெஞ்சுல படுக்க வெச்சேன். நீங்க வருவீங்கன்னு வாசலப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம்.”

நேரலை முடியும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். கடைக்கு வந்த, அப்பாவின் அடுத்த வீட்டுக்காரர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, தம்பிக்கும் சொல்லியிருக்கிறார்.

“சீக்கிரம் கொண்டுவந்திருந்தா ஒரு ஊசி போட்டிருக்கலாம்” என்றார் டாக்டர். “இப்ப அந்த நேரம் தாண்டிடுச்சு. உயிருக்குப் பயமில்ல. பேச்சுதான்... பாக்கலாம்.”

மூளையில் வார்த்தைகள் இருக்கிற இடத்தில் அடைப்பாம். ஒன்றை நினைத்தால் பக்கத்தில் இருக்கிற இன்னொன்று வருமாம். ஸ்பானரை நினைத்தால்?

சரியாகத்தான் நினைத்திருக்கிறார்.

அப்பாவைப் பார்த்து போடா என்றேன். என் வாயால். துண்டித்துவிட்டு அவர் எண்ணுக்கு ஒரு தடவை திருப்பி அடித்திருக்கலாமே? அதைத்தானே வாரா வாரம் ஊருக்குச் சொல்லிக் கிழிக்கிறேன்? வீட்டில் யாரும் எடுக்கவில்லை என்றாவது தெரிந்திருக்கும். அடிக்கலையே. அவ்வளவு புத்திசாலி நான். கைதட்டல் வாங்கப் போற அவசரம்.

மார்ச் 20, வியாழன்

கரடி அந்த நேரலைப் பதிவை இணையத்திலிருந்து எடுத்துவிட்டான். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. “நான்தானே போடலாம்னேன்” என்றான். போடா என்றது நான் என்று சொன்னேன். இரண்டு பேரும் இதைப் பங்கு பிரித்து என்ன செய்யப் போகிறோம்.

எடுத்துவிட்டான் என்று எழுதிவிட்டேன். நான் எழுதலாமா அப்படி? இணையத்தில் போட்டது சிந்திய பால், அள்ள முடியாது என்று எத்தனை பேருக்குச் சொன்னவள்.

மார்ச் 24, திங்கள்

தம்பி வந்திருக்கிறான். திட்டவில்லை. அப்பாவின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டான். சாயங்காலம் ஒரே ஒரு தடவை கேட்டான்: “அந்தக் குரல்ல ஒரு துளிகூட அப்பா தெரியலையா, அக்கா?”

தெரிந்தது. அதனால்தான் அவ்வளவு பயந்தேன். பயந்ததால்தான் அப்படிக் கத்தினேன். இதை இங்கேதான் எழுத முடிகிறது.

ஏப்ரல் 2, புதன்

அப்பாவை என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு அம்மா வருகிறார். படத்தைக் காட்டி என்ன என்று கேட்கிறார். கதவைக் காட்டினால் “ஜன்னல்.” பூனையைக் காட்டினால் “மாடு.” தப்பு என்று அப்பாவுக்கே தெரிகிறது. இடது கையால் தொடையில் அடித்துக்கொள்கிறார். என்னைக் காட்டி யார் என்று கேட்டார் அந்த அம்மா. அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு “தம்பி” என்றார்.

அன்றைய காலை அவருக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது? கேட்கப் பயம். கேட்காமல் இருக்கவும் பயம்.

ஏப்ரல் 17, வியாழன்

பயந்தது நடந்தது. யாரோ அந்தப் பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, பின்னால் தாளம் சேர்த்துச் சுற்ற விட்டிருக்கிறார்கள். “கரண்டி, கரண்டி, போடா.” பக்கத்து வீட்டுப் பையன்கள்கூடக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சுவர் தாண்டி வருகிறது. ஓடிப் போய் அப்பா அறை ஜன்னலைச் சாத்தினேன். வெயிலுக்கா என்பதுபோல் பார்த்தார். ஆமாம் என்றேன்.

எத்தனை ஜன்னலைச் சாத்துவேன்?

இதே நாளில் விஞ்ஞானச் செய்தி ஒன்று அனுப்பியிருக்கிறான் கரடி, என்னைச் சிரிக்க வைக்க: நாய் குரைப்பதை மனுஷ பாஷையில் சொல்லும் கருவி வரப்போகிறதாம். தலையில் அடித்துச் சத்தியமாம். நாய்க்கு வரட்டும், நல்லது. இங்கே என் வீட்டில் ஒரு மனுஷர் குளிருகிறது என்பதற்கு “ரயில்” என்கிறார். கேட்பது போர்வை என்று கண்டுபிடித்துக் கொடுக்க எனக்கு அரை நாள் ஆகிறது.

மே 4, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

வேறு யார் போனிலாவது அவர் கேட்பதற்கு முன் நானே சொல்வதுதான் மரியாதை என்று பட்டது. பேச்சுப் பயிற்சி அம்மா வேண்டாம் என்றார். தம்பி, உன் இஷ்டம் என்றான். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் பதிவையும் போட்டேன். வெட்டின துண்டை இல்லை. முழுசையும்.

தன் குரலே அவருக்கு முதலில் தெரியவில்லை. “யா... யாரு?” என்றார்.

“நீங்கதாம்பா. சலூன்லேர்ந்து.”

போடா வரும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். முடிந்ததும் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மத்தியானம் சாப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. சரி, இதுதான் எனக்கு, இதைத்தான் சம்பாதித்தேன் என்று சமையலறையில் நின்றேன்.

சாயங்காலம் கட்டிலைத் தட்டிக் கூப்பிட்டார். போனேன். இடது கையால் தன் தொண்டையைக் காட்டினார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து, ஒரு வார்த்தைகூடத் தப்பாமல் சொன்னார்:

“சத்தம்... பத்தல. நான்... சத்தமா... பேசல.”

கடவுளே. இத்தனை நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு தன் மேல் தப்பைத் தேடியிருக்கிறார்.

“இல்லப்பா, இல்ல, எனக்குத்தான் காது இல்ல” என்று அழுதேன். அவர் என் தலையில் கை வைத்தார். என்னமோ சொன்னார். அது வேறு ஏதோ வார்த்தையாகத்தான் வந்தது, நான் திருத்தவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

நேரலைக்குத் திரும்பிய முதல் நாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன், மூன்று நிமிடம், அழாமல். கரடி அழுதான். பிறகு ஒரு நேயர் கேட்டார்: “அக்கா, தெரியாத நம்பர் வந்தா எடுக்கலாமா?” கரடி என் முகத்தைப் பார்த்தான். எடுக்காதீர்கள், துண்டியுங்கள், உங்களிடம் இருக்கிற அவர்கள் எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்றேன். அதுதான் சரியான பதில். அதை மாற்ற முடியாது.

மத்தியானம் வீட்டுக்கு வந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத எண். அப்பா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்; கதவு திறந்திருந்தது, குறட்டை கேட்டது. தம்பியின் செய்தி அப்போதுதான் வந்திருந்தது, அவனும் நன்றாகத்தான் இருக்கிறான். எடுக்க ஒரு காரணமும் இல்லை.

எடுத்தேன். வீட்டு இன்டர்நெட் இன்னும் வேகமாக வேண்டுமா என்று கேட்டது ஒரு குரல், மனுஷக் குரல்கூட இல்லை, பதிவு செய்தது. “சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, அது சொல்லி முடிக்கும்வரை காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.