ரெயின்கோட் பையில இருந்த தக்கை

ஏங்க,

நல்லா தூங்குறீங்க, எழுப்பல. சாப்பாடு மேஜை மேல மூடியிருக்கு.

ஞாயித்துக்கிழமை நம்ம பாய்மரப் படகுல தண்ணி ஏறினதுக்கு, அடி விரிசல்ல நீங்க ஒட்டின ஒட்டுதான் காரணம்னு நாலு நாளா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டேன். இப்ப கிளம்பலாம்னு ரெயின்கோட்டைப் போட்டா, பையில ஏதோ தட்டுப்படுது. பார்த்தா, படகோட அடி ஓட்டைக்கு மாட்டுற தக்கை. மழைத்தண்ணி வடியட்டும்னு நான்தான் கழட்டினேன், திருப்பி மாட்டவே இல்ல. உங்க ஒட்டுல ஒரு குத்தமும் இல்ல.

தனியா உட்கார்ந்து சிரிச்சேன்.

காத்து அருமையா இருக்கு. நான் முன்னாடி போய்ப் பாயைக் கட்டுறேன். தக்கை இந்தச் சீட்டு மேலயே இருக்கு. நீங்க வந்து உங்க கையால மாட்டினாத்தான் படகு தண்ணியில இறங்கும்.

பி.கு: இன்னைக்குப் பூரா என்னைத் திட்டிக்கலாம். தக்கையை மறந்துட்டு வந்தீங்கன்னா மறுபடியும் என் முறை.