உதட்டோரப் புள்ளி

திருச்செங்கோடு
3.9.84

அன்புள்ள தம்பி ராசப்பனுக்கு, அக்கா சௌந்திரம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஆந்திராவில் போர்க்கிணறு போடும் ரிக் வண்டியோடு அலைகிறவனுக்கு வேளைக்குச் சோறு கிடைக்கிறதா என்று அம்மாவுக்கு ஓயாத கவலை.

இதைத் தனியாக உட்கார்ந்து படி. பயப்படாதே, யார் உடம்புக்கும் ஒன்றுமில்லை. நான்தான் ஒரு கிறுக்குத்தனம் செய்துவிட்டேன்.

போன மாதம் பூவாத்தாள் போட்டோ அனுப்பினோமே, அதைப் பார்த்துத்தானே பெண் பிடித்திருக்கிறது என்று எழுதினாய்? உன் மச்சான் அவர்கள் ஊருக்கே போய் எடுத்து வந்த படம். நம் ஸ்டூடியோவில் டச்சிங் வேலை என்னுடையது. அந்த வாரம் படம் போடும் என்லார்ஜர் கண்ணாடியில் ஒரு தூசி ஒட்டிக்கொண்டு, என்ன துடைத்தும் போகவில்லை. போட்ட படத்திலெல்லாம் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி. சுற்றியுள்ள நிறத்தைப் பார்த்து, கறுப்பு மையைத் தண்ணீரில் கரைத்து, பிரஷ் நுனியால் அடைத்துக்கொண்டே வந்தேன். பூவாத்தாள் படத்தில் உதட்டோரம் ஒரு புள்ளி இருந்தது. அதையும் தூசி என்று நினைத்து அடைத்துவிட்டேன். அதுவரை அந்தப் பெண்ணை நான் நேரில் பார்த்திருந்தேனா என்ன?

நேற்று அவளே பஸ் ஏறி ஸ்டூடியோவுக்கு வந்தாள். அதே உதட்டோரம், துவரம்பருப்பு அளவுக்கு வெண்தேமல். உன் மச்சானைக் கேட்டால், பவுடர் திட்டு என்று நினைத்தாராம்! நல்ல போட்டோக்காரர்! அம்மாவோ மங்கிய கண்ணோடு கோயிலில் பார்த்துவிட்டு, லட்சணமான பெண் என்று வந்துவிட்டாள்.

"போட்டோ நல்லாத்தான இருக்குது, நீ வாயத் தொறக்காதேங்கறாருங்க எங்கய்யன். எனக்கு மனசு ஒப்பலீங்க அக்கா. உப்புச்சக்கரை மாத்தறதுக்கு முன்னால அவுங்க நெசத்தப் பாத்துப்போடட்டுங்க" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

கண்ணாடியைக் கழற்றிக் கழுவிவிட்டு, அதே நெகட்டிவை மறுபடி போட்டேன். தூசி போய்விட்டது, உதட்டோரப் புள்ளி அப்படியே இருந்தது. பிரஷ்ஷே படாத அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். ஒட்டுவாரொட்டி இல்லையாம்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே பேச்சை முறித்துவிடுவாள். வருகிற 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் செய்கிறார்கள். அது மாற்றிவிட்டால் பிறகு யாரும் பின்வாங்க முடியாது. கடிதம் வந்து சேரவே நாலு நாள் ஆகிறது. அதனால் படித்த அன்றே எழுது. என் தப்புக்காகச் சரி என்று சொல்லாதே, பாவம் பார்த்தும் சொல்லாதே. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இதை எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், கை கேட்கவில்லை.

கிளம்பும்போது, "வேண்டாம்னுட்டாங்கன்னா இந்தப் படத்தக் கிழிச்சுப்போடாம திருப்பி அனுப்பச் சொல்லுங்க அக்கா. இதுலதானுங்க நான் நானா இருக்கறேன்" என்று கேட்டுக்கொண்டாள். அனுப்பச் சொல்கிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

படம் திரும்பி வருவதென்றால் கவரில்தான் வரும். இன்லேண்டு லெட்டருக்குள் எதையும் வைக்க முடியாது. இனித் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே என் உயிர் என்னிடம் இருக்காது. அர்த்தநாரீசுவரர் உனக்குத் துணையிருப்பார். ஒரு இன்லேண்டு போடு சாமி.

உன் அக்கா
சௌந்திரம்